ஒரு சொட்டுகூட உள்ளே வரவில்லை

உங்கள் விசாரணை அறை ஜன்னல் சரியாக மூடவில்லை, ஐயா. கீழ் மூலையில் ரப்பர் மடங்கிக் கிடக்கிறது, காற்று அங்கிருந்துதான் வருகிறது. நான் உட்கார்ந்திருக்கும் இடத்திலிருந்தே தெரிகிறது. சரி, அது என் வேலையில்லை, விடுங்கள். என்னை யாரும் பிடித்து இழுத்து வரவில்லை என்பதை முதலில் எழுதிக்கொள்ளுங்கள். நானாகத்தான் வந்தேன். சில நாளாக ஓரிடத்தில் உட்கார முடியவில்லை. சோற்றில் கை வைத்தால் எழுந்துவிடுகிறேன், கட்டிலில் படுத்தால் எழுந்துவிடுகிறேன். உங்களிடம் சொல்லிவிட்டால் தேவலை என்று தோன்றியது.

என் பெயர் எர்மெஸ் பெத்தெனி. தோர்ரெனெல்லோவில், ஏரியின் மேற்குக் கரையில், கார் கண்ணாடி மாற்றும் பட்டறை வைத்திருக்கிறேன். நீங்கள் பிரெஷாவிலிருந்து வந்தவர், எங்கள் ஊர்ச் சங்கதி உங்களுக்குத் தெரிந்திருக்காது. எங்கள் ஊரில் பணக்காரர்களுக்குக் கோடைக்கால வீடு உண்டு, வீட்டுக்கு ஒரு கூரை மடங்கும் காரும் உண்டு. அந்தக் கார்களின் கதவுக்கு மேலே சட்டம் கிடையாது. கண்ணாடி தனியாக நிற்கும். கதவுக் கைப்பிடியை இழுத்தால் கண்ணாடி ஒரு விரல் அளவு கீழே இறங்கும், கதவைச் சாத்தியதும் மேலே ஏறிக் கூரை ரப்பருக்குள் போய் உட்காரும். புதுக் கண்ணாடி போட்டால் எங்கே நிற்க வேண்டும் என்று அதற்குப் பொறுமையாகச் சொல்லிக்கொடுக்க வேண்டும். ஒரு மில்லிமீட்டர் தப்பினாலும் மழை உள்ளே வரும். நான் போட்ட கண்ணாடி வழியாக மழை வந்ததில்லை. இதைத் தற்பெருமையாகச் சொல்லவில்லை, ஊரே சொன்னதைத்தான் சொல்கிறேன்.

அக்டோபரில் இஞ்சினியர் பிரெஸ்தினியின் காரில் திருடன் கை வைத்தான். கைப்பைக்காக, ஓட்டுகிறவர் உட்காரும் இடது பக்கக் கண்ணாடியை உடைத்திருந்தான். மொதேனா பக்கம் செய்த கருநீலக் கார், இருவர் மட்டும் உட்காரலாம், இரும்புக் கூரை பொத்தானை அழுத்தினால் பின்னால் மடங்கி ஒளிந்துகொள்ளும். கியர் கம்பும் கைபிரேக்கும் இருந்த கடைசி வகை. இஞ்சினியர் எங்கள் கார் சங்கத்தின் தலைவர். குழந்தை இல்லாதவர், அந்தக் காரைத்தான் சீராட்டிக்கொண்டிருந்தார். கதவுக்குள் உதிர்ந்து கிடந்த தூளை எல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டுப் புதுக் கண்ணாடி போட்டேன். குழாயை முழுவேகத்தில் திறந்து நாலாபக்கமும் பீய்ச்சினேன். உள்ளே வைத்த காகிதம் காய்ந்தபடியே இருந்தது.

இரண்டு வாரம் கழித்துத் திரும்பி வந்தார்.

"எர்மெஸ், சீட்டு நனையுதுப்பா."

"இருக்காதுங்க."

"இருக்காதுன்னா? என் பேன்ட்டுல நனைஞ்சது பொய்யா?"

மறுபடி குழாயைப் பீய்ச்சினேன். ஒரு சொட்டுகூட இல்லை. ரப்பரை மாற்றிக் கொடுத்தேன். நவம்பரில் மறுபடி வந்தார், டிசம்பரில் மறுபடி வந்தார். வந்தால் வந்துவிட்டுப் போகலாம், அவரோ நேரே பியாவின் பாருக்குப் போய்விடுவார். அங்கே காப்பி குடிக்கிற இடைவெளியில் என் பெயரைத் துவைத்துக் காயப்போடுவார். "எர்மெஸ் கண்ணாடி போட்டா குடை வாங்கிட்டுத்தான் கார்ல ஏறணும்" என்பார். எல்லோரும் சிரிப்பார்கள். நான் உள்ளே நுழைந்தால், "வாங்க குடைக்காரரே" என்று பியாவே கூப்பிட ஆரம்பித்துவிட்டாள். ஜனவரிக்குள் சங்கத்துக்காரர்கள் பிரெஷாவில் வேறு ஆளைத் தேடிக்கொண்டார்கள். பட்டறையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தேன்.

எனக்கு அப்போதுதான் இந்த இருப்புக்கொள்ளாமை வந்தது, ஐயா. அவர் காரை எங்கே நிறுத்தினாலும் போய்ப் பார்ப்பேன். கூரை ஓரமாக விரலை ஓட்டிப் பார்ப்பேன். மழை பெய்தால் பட்டறையைப் பூட்டிவிட்டு அந்தக் காரின் பின்னாலேயே என் வண்டியில் போவேன். அப்படிப் போன ஒரு வெள்ளிக்கிழமைதான் உண்மை தெரிந்தது. இஞ்சினியர் பிரெஷாவுக்கு ரயிலில் போகிற நாள் அது. காரை ஓட்டிக்கொண்டு போனது அவர் மனைவி ஒர்னெல்லா. ஊருக்கு வெளியே, எலுமிச்சைத் தோட்டங்களுக்குக் கீழே கற்கரை ஒன்று இருக்கிறது. அங்கே காரை நிறுத்திவிட்டு, அந்தக் குளிரில், ஏரியில் இறங்கி நீந்தினார். கரையேறி, ஈர உடம்போடு மேல்கோட்டைப் போர்த்திக்கொண்டு சீட்டில் உட்கார்ந்தார்.

நான் போய்க் கண்ணாடியைத் தட்டினேன். முதலில் திடுக்கிட்டார், பிறகு சிரித்துவிட்டார்.

"ஐயோ, எர்மெஸா? போலீஸ்காரன்னு நெனச்சுட்டேன்."

"சீட்டு நனையுறது உங்களாலதானாம்மா?"

"நானேதான். துண்டு விரிச்சுத்தான் உக்காருறேன், அதையும் மீறி ஊறிடுது. அவர்கிட்ட மட்டும் சொல்லிடாதீங்க. என் இதயத்துக்கு ஆகாதுன்னு டாக்டர் சொன்னதுலேருந்து தண்ணிப் பக்கமே போகக் கூடாதுன்னு சத்தியம் வாங்கியிருக்காரு. தெரிஞ்சா வீட்டை ரெண்டாக்கிடுவாரு."

"என் பேரு கெடுதும்மா. பொழப்பு போயிடுச்சு."

"இதுக்குப் போயா? சும்மா ஒரு கண்ணாடிதானே எர்மெஸ். வசந்தம் வந்தா எல்லாரும் மறந்துடுவாங்க."

நல்ல பெண்மணி, ஐயா. அவரைப் பற்றிக் குறையாக ஒரு வார்த்தை என்னால் சொல்ல முடியாது. எப்போது பார்த்தாலும் என் முழங்கால் வலியைப் பற்றி விசாரிப்பார். அதனால் சொல்ல மாட்டேன் என்று வாக்குக் கொடுத்தேன். கொடுத்த வாக்கை இன்று வரைக்கும் காப்பாற்றியிருக்கிறேன், இஞ்சினியருக்கு இன்னும் தெரியாது. ஆனால் 'சும்மா ஒரு கண்ணாடிதானே' என்ற அந்தப் பேச்சு என்னோடு வீட்டுக்கு வந்துவிட்டது. பல் தேய்க்கும்போது கேட்கும். ரொட்டி அறுக்கும்போது கேட்கும்.

பிப்ரவரியில் நானே இஞ்சினியரைக் கூப்பிட்டு, இரண்டு பக்கமும் கண்ணாடியை மாற்றித் தருகிறேன், எதுவும் தர வேண்டாம் என்றேன். இந்த முறை வேறு வகைக் கண்ணாடி போட்டேன். சாதாரணமாகக் கதவில் வருவது அடித்தால் கற்கண்டாக உதிர்ந்துவிடும். நான் போட்டது முன்கண்ணாடி மாதிரி, இரண்டு கண்ணாடிக்கு நடுவே பிளாஸ்டிக் படலம் வைத்து ஒட்டியது. விரிசல் விடும், ஆனால் பிளக்காது. கனமானது, சத்தத்தை உள்ளே விடாது, திருடனுக்கும் சிரமம். எல்லா விதத்திலும் உயர்ந்த சரக்கு. கதவுப் பையில் ஒரு சின்னச் சிவப்புச் சுத்தியல் இருந்தது, விபத்தில் கண்ணாடியை உடைத்து வெளியே வருவதற்கு. இந்தக் கண்ணாடிக்கு அந்தச் சுத்தியல் உதவாது. அதை அவர்களிடம் சொல்ல வேண்டியது முறைதான். சுத்தியலைத் துடைத்து, இருந்த இடத்திலேயே வைத்தேன்.

மார்ச் ஒன்பது, புனித பிரான்சிஸ்காவின் நாள், வண்டி ஓட்டுகிறவர்களுக்குக் காவல் அவள்தான். அன்றைக்கு எல்லா ஊரிலும் பாதிரியார் வண்டிகளை மந்திரிப்பார். எங்கள் ஊரில் படகு இறக்கும் சரிவில் வைத்து மந்திரிப்பார்கள். இரண்டு பக்கமும் கல்சுவர், கதவை ஒரு கையளவுதான் திறக்கலாம், கீழே நேரே ஏரி. கார் மூக்கைத் தண்ணீர்ப் பக்கம் வைத்து நிற்க வேண்டும். மந்திரிக்கும் நேரம் மட்டும் கைபிரேக்கை விடுவித்து, கியரையும் எடுத்துவிட வேண்டும். வண்டியை அவள் கையில் விடுகிறோம் என்று அர்த்தம். உண்மையில் முன்சக்கரங்களுக்கு முன்னால் இரண்டு மரக்கட்டை இருக்கும், கயிற்றைக் கட்டி ஒருவன் பிடித்திருப்பான். ஏழெட்டு வருஷமாக அந்தக் கட்டைக்காரன் நான்தான். கேலி செய்தாலும் அந்தப் பொறுப்பை மட்டும் யாரும் என்னிடமிருந்து பிடுங்கவில்லை.

காலையில், வண்டி வழுக்காமலிருக்கச் சரிவில் படிந்த பாசி மேல் மணல் தூவுவது கட்டைக்காரனின் வேலை. அன்றைக்கு நான் தூவவில்லை. கட்டைகளின் அடியில் சோப்பு தடவினேன். வழக்கமாகத் தடவுவதில்லை.

தலைவர் என்பதால் இஞ்சினியரின் கார் முதலில் இறங்கியது. இங்கே எங்கள் ஆட்களின் ஒரு பழக்கத்தைச் சொல்ல வேண்டும். தீர்த்தம் வேண்டும், ஆனால் தீர்த்தம் தோல் சீட்டில் படக் கூடாது. அதனால் கூரையை மூடி, கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் ஆசி வாங்குவார்கள். பக்கத்தில் ஒர்னெல்லா உட்கார்ந்திருந்தார். பாதிரியார் செவெரினோ தீர்த்தத்தைத் தாராளமாகவே தெளித்தார். ஓட்டுகிறவர் இறங்கக் கூடாது என்பது விதி. இஞ்சினியர் கண்ணாடியில் வழிந்த தண்ணீரைப் பார்த்ததும் பொறுக்க மாட்டாமல் கதவு இடுக்கில் நெளிந்து வெளியே வந்தார், கதவைச் சாத்தி, சாவியைப் பையில் போட்டுக்கொண்டு, துணியால் துடைக்க ஆரம்பித்தார். துடைத்துக்கொண்டே என்னைப் பார்த்து, ஊரே கேட்கிற மாதிரி சொன்னார்.

"எர்மெஸ், ஃபாதர் ரெண்டு சொட்டுதான் தெளிச்சாரு. என் பொண்டாட்டி உள்ள மூழ்கிட்டாளான்னு பாருய்யா."

சுவர் மேல் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். பாதிரியார்கூடச் சிரித்தார். அது எனக்குப் பெரிய விஷயமில்லை, பழகிப்போனது. நான் கண்ணாடிக்கு உள்ளே பார்த்தேன். ஒர்னெல்லாவும் சிரித்துக்கொண்டிருந்தார். உண்மை தெரிந்த ஒரே ஆள் அவர். எனக்கு வலித்தது, ஐயா, மறைக்க மாட்டேன்.

கயிற்றை இழுத்தேன். கட்டைகள் சத்தமில்லாமல் வந்துவிட்டன.

கார் மெதுவாகத்தான் போனது. ஒர்னெல்லா கைபிரேக்கை இழுத்திருக்க வேண்டும், பின்சக்கரங்கள் நின்றுபோய் அப்படியே பாசியில் வழுக்கின. கதவைத் திறந்தார், சுவரில் இடித்து மூடிக்கொண்டது. இஞ்சினியர் பின்னாலேயே ஓடி விழுந்தார். அவருக்கு நீச்சல் தெரியாது. சாவி அவர் பையில் இருந்ததால் கண்ணாடி இறங்கவில்லை. சுவர் முடிகிற இடத்தைத் தாண்டியதும் ஏரி ஆழம், அங்கே கொஞ்ச நேரம் மிதந்தது, தண்ணீர் அழுத்தியதில் கதவு திறக்கவில்லை, பிறகு மூக்குப் பக்கமாக இறங்கியது. "அவ நல்லா நீந்துவா, கண்ணாடியை உடைச்சா வந்துடுவா" என்று இஞ்சினியர் கத்திக்கொண்டிருந்தார். அது எனக்கும் தெரியும்.

கட்டைகள் பாசியில் தானாக வழுக்கிவிட்டன என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். முதலில் தண்ணீரில் குதித்தவன் நான். அதற்காக மேயர் என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார். பியா இப்போது காப்பிக்குக் காசு வாங்குவதில்லை, குடைக்காரர் என்று கூப்பிடுவதுமில்லை. இஞ்சினியர், பிரேக்கை விட்டுவிட்டு இறங்கியது தன் குற்றம் என்று வீட்டுக்குள்ளேயே அடைந்து கிடக்கிறார். போன ஞாயிற்றுக்கிழமை ரொட்டியும் சூப்பும் கொண்டுபோய்க் கொடுத்தேன். என்னைக் கட்டிக்கொண்டு, "நீயாவது குதிச்சியேப்பா" என்றார்.

கதவுக் கைப்பிடியை வெளியிலிருந்து இழுத்துப் பார்த்தாயா என்று சற்று முன் கேட்டீர்கள். இல்லை, இழுக்கவில்லை. நான் குதித்தது அதற்கில்லை. கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் சுத்தியலால் அடித்துக்கொண்டிருந்தார். நட்சத்திரம் நட்சத்திரமாக விரிசல் விழுந்தது, கண்ணாடி பிளக்கவில்லை. என்னைப் பார்த்ததும் அடிப்பதை நிறுத்திவிட்டுக் கையை விரித்துக் கண்ணாடியில் வைத்தார், நான் வந்துவிட்டேன் என்ற நம்பிக்கை முகத்தில் இருந்தது. நான் கூரை ரப்பர் மேல் விரலை ஓட்டினேன். முன் மூலையிலிருந்து பின் மூலை வரை. பிறகு அடுத்த பக்கம் போய் அங்கேயும் பார்த்தேன். ஒரு குமிழிகூட வெளியே வரவில்லை. உள்ளே தண்ணீர் அவர் முழங்காலிலிருந்து இடுப்புக்கு ஏறியது, இடுப்பிலிருந்து நெஞ்சுக்கு ஏறியது. எங்கிருந்து வருகிறது என்று நன்றாகப் பார்த்துவிட்டுத்தான் மூச்சு வாங்க மேலே வந்தேன். மீட்பு ஆட்கள் வருவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

அன்றிலிருந்து நான் நிம்மதியாகத்தான் இருந்தேன், ஐயா. நன்றாகத் தூங்கினேன். சங்கத்துக்காரர்கள் மறுபடி கார்களைக் கொண்டுவந்தார்கள். ஆனால் போன வாரம் பாரில் ஒரு பேச்சு கேட்டது. காரைச் சோதித்த உங்கள் நிபுணர், பக்கக் கண்ணாடி ஓரமாகத் தண்ணீர் புகுந்திருக்கிறது என்று சொல்லியிருக்கிறாராம். யாரும் என்னைக் குறைசொல்லவில்லை, பாவம் எர்மெஸ் என்றுதான் சொன்னார்கள். அதற்கப்புறம்தான் எனக்கு உட்கார முடியவில்லை, படுக்க முடியவில்லை.

ஆகவே எழுதிக்கொள்ளுங்கள். மணல் தூவாதது நான், சோப்பு தடவியது நான், கயிற்றை இழுத்தது நான். உடையாத கண்ணாடியைத் தெரிந்தேதான் போட்டேன். ஒர்னெல்லா பிரெஸ்தினியைக் கொன்றது நான். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். ஆனால் தண்ணீர் பெடல்களுக்கு அடியிலிருந்துதான் வந்தது, கிட்டே இருந்து என் கண்ணால் பார்த்தேன், அதை மட்டும் தயவுசெய்து திருத்திவிடுங்கள்.