எழுத்துக்கு மேல் ஒரு கோடு

— கையக் காட்டு ஹனாலே. மறைக்காத. இது உன் ரத்தமா, பிலிப்போ ரத்தமா?

— அவனோடதுதான் குமு. என் மேல ஒரு கீறல்கூட விழல.

— பெருமையா சொல்றியா? தாடை தொங்கிப்போய் ஆம்புலன்ஸ்ல ஏத்திக்கிட்டுப் போறாங்க. இந்தப் பள்ளிக்கூடத்துல உங்களுக்கெல்லாம் ஹவாய் பாஷை சொல்லிக் குடுக்கற குமுவா, வாத்தியாராத்தான் என்னை வெச்சிருக்காங்க, பல்லு பொறுக்கறதுக்கு இல்ல.

— பின்ன என்ன செய்யச் சொல்றீங்க? போன வாரம் துறைமுகத்துல அவன் அண்ணன் எங்கண்ணன் மூக்கை உடைச்சான். அது போதாதுன்னு, இவன் இங்க படகுக் கொட்டகையில உக்காந்து, என் துடுப்புல செவப்பு பெயின்ட்டால ‘கவுவ’ன்னு எழுதறான். கவுவன்னா போர். நீங்க சொல்லிக் குடுத்ததுதானே?

— அதனால?

— அதே துடுப்பைப் பிடுங்கி மூஞ்சியில ஒண்ணு விட்டேன். விழுந்தான். எந்திரிக்கப் பாத்தான், இன்னொண்ணு விட்டேன். அப்புறம் எத்தனைன்னு தெரியல. கை நிக்கவே இல்ல குமு. நல்லா இருந்துச்சு, பொய் சொல்ல மாட்டேன்.

— வாயக் கழுவு. துடுப்பு எங்க?

— இந்தா. பாத்துப் பிடிங்க, பெயின்ட் இன்னும் காயல.

— அடப்பாவி. இது போர் இல்லடா.

— எனக்குப் படிக்கத் தெரியாதா? எங்க வீட்லயே இந்த பாஷை தெரிஞ்சவன் நான் ஒருத்தன்தான்.

— நேத்து சாயங்காலம் பிலிப்போவும் அவன் அண்ணனும் என்கிட்ட வந்தாங்க. ‘சண்டை போதும் குமு, இங்கிலீஷ்ல மன்னிப்பு கேட்டா நக்கல்னு நெனப்பாங்க, நம்ம பாஷையில ஒரு வார்த்தை குடுங்க’ன்னு கேட்டாங்க. நான்தான் குடுத்தேன். ‘காவுவ.’

— காவுவன்னா...

— நீயே சொல்லு. போன மாசம்தான் நடத்தினேன்.

— நீயும் நானும். நாம ரெண்டு பேர் மட்டும்.

— ஆமா. இங்கிலீஷ் எழுத்துலதானே எழுதறோம், மொத ‘ஏ’ மேல கோடு இருந்தா காவுவ. இல்லாட்டி கவுவ.

— இதுல கோடு இல்லையே. நான் பாத்துட்டுத்தானே அடிச்சேன்.

— அவன் எப்பவும் வார்த்தையை முழுசா எழுதி முடிச்சிட்டு, கடைசியாத்தான் திரும்பி வந்து கோடு போடுவான். பரீட்சையிலயும் அப்படித்தான். நீ வந்தப்போ பிரஷ் எங்க இருந்துச்சு?

— அவன் கையில. இன்னும் ஏதோ அசிங்கமா எழுதப் போறான்னு நெனச்சேன்.

— கை எங்க இருந்துச்சு?

— எழுத்துக்கு மேல.

— இங்க பாரு. ‘ஏ’ தலையில ஒரு பொட்டு. பிரஷ்ஷை வெச்சிட்டான்டா. இழுக்க நீ விடல.

— குமு, இன்னொண்ணும் செஞ்சிட்டேன். அடிச்சு முடிச்சதும் இதைப் படம் எடுத்து எங்கண்ணனுக்கு அனுப்பிட்டேன்.

— என்னன்னு அனுப்பின?

— ‘கவுவன்னு எழுதியிருக்கானுங்க, அப்படின்னா போர்’னு. அண்ணன் கூட்டாளிங்களோட அவங்க வீட்டுக்குப் போயிட்டான். மட்டையெல்லாம் வண்டியில போட்டுக்கிட்டு.

— மடையா. இவ்வளவு நேரம் இதைச் சொல்லாம என்னடா பேசிட்டிருந்த? போனைப் போடு. ஸ்பீக்கர்ல போடு.

— அண்ணே. லோபாக்கா அண்ணே. எங்க இருக்க? உள்ள போகாத, யாரையும் தொடாத. நான் தப்பாப் படிச்சிட்டேன்.

— இப்ப வந்து சொல்றியேடா தம்பி. எல்லாம் முடிஞ்சுது.

— பிலிப்போ அண்ணன் எங்க?

— வாசல்லயே கெடக்கான். மண்டை பொளந்துடுச்சு, மூச்சு இல்லைன்னுதான் நெனக்கிறேன். வெறுங்கையோட வெளிய வந்தான்டா. அதப் பாத்து நான்கூட மட்டையக் கீழ எறக்கினேன். அப்புறம் அந்தப் பய தன் நெஞ்சைத் தொட்டு, என்னையும் காட்டி, சிரிச்சுக்கிட்டே ‘காவுவ, காவுவ’ன்னான். நீ சொன்ன வார்த்தைதானே அது?