கேக்குல எழுதுன பேரு

சிரிக்காதீங்க தங்கச்சி, மெய்யாத்தான் சொல்றேன். வீராயின்னுதான் வச்சிருக்காங்க. இன்னைக்குக் காலையில, முப்பத்தோராம் நாளு, கண்டியில உள்ள பெரிய ஆளுங்க எல்லாம் வந்து உக்காந்திருக்கையில, மூணு தட்டு கேக்கு மேல தங்கக் கலர்ல எழுதி வச்சிருந்தாங்க. கேக்கு செய்யிறவனே ரெண்டு தரம் போன் பண்ணிக் கேட்டானாம், மெய்யாவே பொம்பளப் புள்ளைக்குத்தானா, இப்பப் பொறந்த புள்ளைக்கான்னு.

இருங்க, பையை மடியில வச்சுக்கிறேன், நீங்க நல்லா உக்காருங்க. தெல்தெனியவுலதானே இறங்குறீங்க? நான் ஹுன்னஸ்கிரிய வரைக்கும் போகணும். அண்ணன் வீடு. சொல்லாமக் கொள்ளாம ஒரு பையோட போய் நின்னா அண்ணி மூஞ்சி எப்படி இருக்குமோ, ஆண்டவனுக்குத்தான் வெளிச்சம். இந்தப் போன் அடிக்கிறதப் பாக்காதீங்க, அது அடிச்சுக்கிட்டேதான் இருக்கும். அந்த வீட்டுலருந்துதான். விருந்து நடுவுல, பாத்திரம் பண்டம் எல்லாம் போட்டது போட்டபடி கெடக்க, நான் பாட்டுக்கு இறங்கி வந்துட்டேன்ல. பஸ் எடுக்கிறதுக்குள்ள திரும்பிப் போயிடுறதா, இல்ல இப்படியே போய்ச் சேர்றதான்னு எனக்கே ஒரு முடிவு இல்ல. முப்பத்தி நாலு வருசம் இருந்த வீடுங்க, சும்மாவா?

சொந்தமா? சரியாப் போச்சு போங்க. நான் அங்க வேலைக்கு நின்னவ. கட்டுகஸ்தோட்டை மேட்டுல, ஹார்ட்வெயார் கடை சேதுராமன் முதலாளி வீடு. பன்னெண்டு வயசுல எங்கப்பா கொண்டாந்து விட்டாரு. இப்ப பேரு வச்சது முதலாளி மக நிஷாந்தினியோட புள்ளைக்கு. நிஷாவை ஆஸ்பத்திரியிலருந்து கொண்டாந்து என் மடியிலதான் போட்டாங்க. அப்ப எனக்குப் பதினாலு வயசு, நானே ஒரு புள்ள. சோறு ஊட்டி, சளி சிந்தி விட்டு, ஸ்கூல் பஸ் ஏத்தி விட்டு வளத்தது எல்லாம் இந்தக் கைதான்.

அவ இப்ப லேசுப்பட்ட ஆளு இல்ல. பேராதனை கெம்பஸ்ல படிப்பிக்கிறா. என்னா ஆராய்ச்சி தெரியுமா? தேயிலைத் தோட்டத்துப் பொம்பளைங்களப் பத்தி ஆராய்ச்சி. கார எடுத்துக்கிட்டு எங்க மலைப் பக்கம் எல்லாம் ஏறி இறங்கி, நாங்க குடியிருக்கிற வரிசை வீடுங்க, லயம் லயமாப் போய், உங்க பேரு என்னா, யாரு வச்சா, ஏன் வச்சாங்கன்னு கேட்டு ஒரு மெசின்ல பதிஞ்சுக்கிட்டு வருவா. வந்து செருப்பக் கழட்டுறதுக்குள்ள, ராணிக்கா, தலை இடிக்குது, ஒரு இஞ்சித் தேத்தண்ணி ஊத்துங்கம்பா. ஊத்திக் குடுப்பேன். குடிச்சுக்கிட்டே அந்த மெசினைப் போட்டுக் காதுல வச்சுக்கிட்டு இருப்பா. நான் கோப்பையக் கழுவி வச்சிட்டு என் வேலையப் பாக்கப் போயிருவேன்.

அந்த அலைச்சல்லதான் பேரு கெடைச்சுதாம். ஏதோ ஒரு தோட்டத்துப் பழைய செக்ரோல். அதான் தங்கச்சி, வேலைக்கு வந்தவங்க பேரு போடுற புஸ்தகம். கரையான் தின்னது போக மிச்சம் இருந்துச்சாம். அதுல வீராயின்னு ஒரு பேரைப் பாத்ததும் இவளுக்கு ஒடம்பெல்லாம் புல்லரிச்சுப் போச்சாம். எனக்குப் பொம்பளப் புள்ள பொறந்தா இதான்னு அங்கயே முடிவு பண்ணிட்டாளாம். கரையான் தின்ன புஸ்தகத்துல போய்த் தேடியிருக்கா பாருங்க, அம்புட்டுப் படிச்ச புள்ள.

மாப்பிள்ளை வீட்டுல சும்மா விட்டாங்களா? மாப்பிள்ளை தினுஷனோட அம்மா எண் சாத்திரம் பாத்து ஒரு லிஸ்ட்டே எழுதிக் கொண்டாந்தாங்க. ஹஷ்விகாவாம், த்ரிக்‌ஷாவாம், யஷ்மிதாவாம். வாயில வெந்நிய வச்சுக்கிட்டுப் பேசுற மாதிரி. கூப்பிட்டு முடிக்கிறதுக்குள்ள புள்ள ரோட்டுக்கு ஓடிரும். அதுக்கு நிஷா ஒரே போடாப் போட்டா. எங்க வேரு இதுல இருக்கு அத்தை, தொலைஞ்சு போன பேரை நாங்கதான் மீட்டெடுக்கணும்னா. எந்த வேரு? அவங்க பாட்டன் காலத்துலருந்து கண்டி டவுன்ல கடை வச்சுச் சம்பாதிச்ச குடும்பம். தேயிலைச் செடிய கார் கண்ணாடிக்குள்ளருந்து பாத்தவங்க. அதுல யாரு எத எங்க தொலைச்சா, சொல்லுங்க?

இன்னும் கேளுங்க. ஹோலுக்கு நடுவுல கொழுந்து பறிக்கிற கூடை ஒண்ணு. வார்னிஷ் அடிச்சு, சுத்திவர ரோசாப்பூ சொருகி, கடையில வாங்குன கூடை. புள்ளைய அதுக்குள்ள படுக்க வச்சுப் போட்டோ புடிச்சாங்க. பொறவு புள்ளையத் தூக்கிட்டு, வந்த பொம்பளைங்க எல்லாம் வரிசையில நின்னு அந்தக் கூடைக் கயித்த நெத்தியில மாட்டிக்கிட்டுப் போட்டோ. ஐயோ, வலிக்குதேன்னு ஒருத்தி சிணுங்குறா. வெறுங்கூடை தங்கச்சி! இப்ப மலையில யாரு கூடை கட்டுறா, எல்லாம் சாக்குதான். எங்கம்மாவுக்கு நெத்தியில அந்தக் கயித்துத் தழும்பு சாகுமட்டும் இருந்துச்சு. என் வாயில நல்லா வந்துச்சு. வடைத் தட்டு கையில இருந்ததால முழுங்கிக்கிட்டேன்.

பழைய பேருன்னா அதுல என்னா குத்தம்னு கேக்குறீங்க. நான் குத்தம்னு சொன்னேனா? அங்க வந்த அத்தனை பேரும் வாயத் தொறந்து பாராட்டுனாங்க. என்னா வித்தியாசமான பேரு, என்னா துணிச்சல், எங்களுக்கு இது தோணாமப் போச்சேன்னு. இதே பேரோட ஒருத்தி இவங்க வீட்டு கேட்டுக்கு வந்து வேலை கேட்டு நின்னா, பின்பக்கமா வான்னு சொல்லுவாங்க. அதவிடுங்க, முதலாளியம்மா! அவங்கதான் பெரிய கூத்து. பட்டுச்சீலை சரசரக்க, உக்காந்திருந்தவங்ககிட்ட ஒவ்வொரு கதிரையாப் போய், இந்தப் பேருங்களுக்குன்னு ஒரு கம்பீரம் இருக்கு பாருங்கன்னு சொல்றாங்க. கம்பீரமாம்! அந்தம்மா வாயிலருந்து அந்தச் சொல்லக் கேட்டதும் சிரிக்கிறதா, தட்டக் கவுக்கிறதான்னு எனக்குத் தெரியல.

என்னையா? ஆமா, ராணின்னுதான் அங்க கூப்பிடுறது. வீட்டுல வச்ச பேரு அது இல்ல தங்கச்சி. மொத நாளு அந்த வீட்டுப் படியில நிக்கிறேன், எண்ணெய் வழிய வழிய தலை சீவிக்கிட்டு. முதலாளியம்மா பேரு கேட்டாங்க, சொன்னேன். வேப்பெண்ணெய் குடிச்ச மாதிரி மூஞ்சியச் சுளிச்சாங்க. ஐயோ, இது என்னா காட்டுப் பேரு, நாலு பேரு வந்து போற வீட்டுல இதச் சொல்லிக் கூப்பிட ஏலுமா, எனக்கு நாக்கு கூசுதுன்னாங்க. எங்கப்பா கையக் கட்டிக்கிட்டு, உங்களுக்குப் புடிச்ச மாதிரிக் கூப்பிட்டுக்கங்கம்மான்னுட்டாரு. முன்னாடி நின்னவ ராணி, எங்களுக்கு வாய்க்குப் பழகிப்போச்சு, நீயும் ராணியாவே இருன்னு முடிச்சிட்டாங்க. அவளும் மெய்யா ராணி இல்லையாம், பொறவுதான் தெரிஞ்சுது. அந்த ரோட்டுல அப்ப நாலு ராணி இருந்தோம். பக்கத்து வீட்டுல பாத்திரம் கழுவுறவ ராணி, எதுத்த வீட்டுல நாயக் குளிப்பாட்டுறவ ராணி. மகாராணிங்க எல்லாம் காலங்காத்தால வெளக்கமாறும் கையுமா வாசல்ல நிப்போம். இந்நேரம் அடுத்த ராணிக்கு ஆள் சொல்லி அனுப்பியிருப்பாங்க.

சரி, நடந்ததச் சொல்றேன். பேரு வைக்கிற நேரம் வந்துச்சு. தினுஷனோட தங்கச்சி சஞ்சீவனிதான் புள்ளைக்கு அத்தை, அவதான் காதுல சொல்லணும். அவளுக்கு வெக்கம், மொணமொணன்னு எதையோ சொல்லிட்டு எந்திரிச்சிட்டா. நிஷாவுக்குக் கோவம். இது என்னா ஒளிச்சுச் சொல்ற பேரா, நான் சத்தமாக் கூப்பிடுறேன்னு புள்ளையக் கையில வாங்கிக்கிட்டா. நான் குசினிக்குள்ள நிக்கிறேன். கிரைண்டர் ஓடுது, பைப்புல தண்ணி கொட்டுது, எண்ணெய்ச் சட்டியில வடை கெடக்குது. மத்த நாள்ல ராணி ராணின்னு நாலு தரம் கத்துனாத்தான் நான் திரும்பிப் பாப்பேன். செவிட்டு முண்டம்னுதான் அந்தம்மா ஏசும். இன்னைக்கு ஒரே தரம். வீராயின்னு நிஷா கூப்பிட்டா.

இந்தா வந்துட்டேன்னு சத்தமாச் சொல்லிக்கிட்டு, ஈரக்கைய முந்தானையில தொடைச்சுக்கிட்டே போய் ஹோலுக்கு நடுவுல நின்னுட்டேன்.

ஆமா தங்கச்சி. அதுதான் எங்கம்மா அப்பா எனக்கு வச்ச பேரு.

சபையே சிரிச்சுது. முதலாளியம்மா, உன்னைய யாருடி கூப்பிட்டா, பேரு புள்ளைக்குத்தானே வைக்கிறோம்னாங்க. அந்தம்மாவுக்கு ஒரு துளி ஞாபகம் இல்ல. வேணும்னே மறைச்சாக்கூட மனசு ஆறும், சுத்தமா மறந்தே போயிட்டாங்க. நிஷாவும் சிரிச்சா. ஐயோ ராணிக்கா, உங்கள இல்ல, நீங்க போய்ப் பாயசத்தக் கொண்டாங்கன்னா. லயம் லயமாப் போய்ப் பேரு கேட்டவ. கையால தேத்தண்ணி ஊத்திக் குடுத்தவகிட்ட, உங்க மெய்யான பேரு என்னான்னு ஒரு நாளு கேட்டிருப்பாளா?

பாயசத்தக் கொண்டுபோய் வச்சிட்டு, முதலாளியம்மாகிட்ட என் ஐடென்டி கார்டக் குடுங்கன்னு கேட்டேன். எடுத்த நாள்லருந்து அது அவங்க அலுமாரியிலதான் இருந்துச்சு, பத்திரமா இருக்கட்டும்னு வாங்கி வச்சாங்க. ஆளுங்க முன்னாடி ஒண்ணும் பேச ஏலாம, மொணகிக்கிட்டே எடுத்துக் குடுத்தாங்க. அதுல என்னா எழுதியிருக்குன்னு குனிஞ்சு பாக்கக்கூட இல்ல. இந்தா இருக்கு, நீங்களே பாருங்க.

மறுபடி அடிக்குது பாருங்க. நிஷாதான். எடுத்தா என்னா சொல்லுவா? ராணிக்கா, எங்க போயிட்டீங்க, புள்ள அழுவுதும்பா. போனா நாளைக்கு என்னா? ராணி, வீராயிக்குத் துணிய மாத்து. ராணி, வீராயி தூங்குறா, சத்தம் போடாத. அந்தப் புள்ளையத் தூக்கி வச்சுக்கிட்டு, என் பேரைச் சொல்லி நானே தாலாட்டணும். சீ, என்னால ஏலாது. கொண்டக்டர், ஹுன்னஸ்கிரிய ஒண்ணு. ஆமா, ஹுன்னஸ்கிரியதான். இனி அதுல மாத்தம் இல்ல.

அழுவல தங்கச்சி, ஜன்னல் காத்து. அவங்க சிரிச்சா சிரிச்சிட்டுப் போறாங்க, முப்பத்தி நாலு வருசத்துல பாக்காத சிரிப்பா. அண்ணனுக்கு நான் எப்பவும் பாப்பாதான். எங்கம்மா செத்துப் பதினாறு வருசமாச்சு, அதுக்குப் பொறவு அந்தப் பேரைச் சொல்லி என்னைய ஒருத்தரும் கூப்பிட்டதில்ல. இன்னைக்குக் கூப்பிட்டாங்கல்ல, குசினியிலருந்து ஹோலுக்குப் போறதுக்குள்ள எனக்கு எம்புட்டு சந்தோசமா இருந்துச்சு தெரியுமா? அவ்வளவு பேருக்கு முன்னாடி சிரிச்ச மூஞ்சியோட போய் நின்னேன் பாருங்க, அந்த வெக்கம்தான் தாங்க ஏலல.