செங்கல் மட்டம்

— என்னண்ணா, வாயில ஈ போறது கூடத் தெரியாம நிக்கிற? பிடிக்கலையா?

— இரு எறும்பு, மூச்சு விடவிடு. இது அந்த வலைப்பின்னல் சக்கரமில்ல? இதை எங்க பிடிச்ச?

— பழைய வண்டிய உடைச்சு விக்கிற கடைங்கள்ல. ஒவ்வொண்ணா ஏறி இறங்கினேன். ஒரு கடையில ரெண்டு இருக்கும், இன்னொரு கடையில நாலு இருக்கும், ஆனா ஒண்ணு கோணலா இருக்கும். நாலும் நேரா ஒரே இடத்துல கிடைச்சது போன மாசம்தான். டயர் புதுசு. காலையில நீ வெளிய போனதும் அண்ணி ஷெட்டைத் திறந்து விட்டாங்க.

— அதான் காலையில இருந்து உங்க அண்ணி என்னைப் பாத்து பாத்து சிரிச்சாளா! சட்டையைத் திருப்பிப் போட்டுட்டேனோன்னு ரெண்டு தடவ கண்ணாடியப் பாத்தேன்.

— நாளைக்கு மைதானத்துல பழைய கார்க்காரங்க எல்லாம் கூடறாங்களாமே. வருஷா வருஷம் கூப்பிடுவாங்களாம், நீ மட்டும் போக மாட்டியாம். ஏன்னும் அண்ணி சொல்லிட்டாங்க.

— அவ வாயில எதுதான் நிக்கும்? ஏனாம்?

— சிரிப்பாங்கன்னு. வண்டியத் தரையோட தரையாத் தாழ்த்திட்டு, கீழ பொம்மை வண்டிச் சக்கரத்த மாட்டியிருக்கானேன்னு.

— அதெல்லாம் சின்ன வயசுல பட்டது. "பயில்வான் பாப்பா செருப்பு போட்டுட்டு வர்றான்டா"ம்பானுங்க. ஒருத்தன் கிலுகிலுப்பை கூட வாங்கிட்டு வந்து குடுத்தான்.

— நாளைக்கு எவனும் சிரிக்கக் கூடாது. மாட்டு. ஜாக்கி எங்க இருக்கு?

— அவசரப்படாத. பாக்க அழகு வேற, ஓட்டறது வேற. பெரிய சக்கரம் கனம். இப்ப ஸ்டீயரிங் ஒரு விரலுக்கு வருது. இதை மாட்டினா மாவாட்டற மாதிரி சுத்தணும்.

— நீ ஏண்ணா நிறுத்தி வெச்சுக்கிட்டுத் திருப்பற? உருட்டிக்கிட்டே திருப்பு.

— பள்ளத்துல விழுந்தா நேரா முதுகுல அடிக்கும்.

— டயர் கடைக்காரர் மெலிசா ஒண்ணு காட்டினார். அதைப் போட்டாத்தான் முதுகு போகும். நான் தடிமனா வாங்கியிருக்கேன், அமுக்கிப் பாரு. பள்ளத்த டயர் முழுங்கிக்கும்.

— தடிமனா வாங்கினா மொத்த உயரமும் கூடுமே. முழுசாத் திருப்பினா சக்கரத்துக்கு மேல இருக்கற ரெக்கைத் தகட்டுல போய் உரசும்.

— கடைக்காரரும் அதையேதான் சொன்னார். உள்விளிம்ப ஒரு தட்டுத் தட்டி மடக்கிட்டா உரசாதாம். இன்னும் என்ன வெச்சிருக்க? சொல்லு சொல்லு.

— அடேயப்பா! கணக்கு எழுதற வேலைக்குப் போறியா, பட்டறைக்குப் போறியா?

— சின்ன வயசுல காலையில பள்ளிக்கூடம் போற வழி பூரா உன் வாய் இதத்தானேண்ணா பேசும்? "பாத்தியா எறும்பு, வளைவுல வண்டி எப்படி ஒட்டிக்கிட்டுப் போகுதுன்னு"ன்னு கேப்ப. முன் சீட்டுல உக்காந்தா முன் கண்ணாடியில வானம்தான் தெரியும். தெருவுல போறவங்க முழங்காலு என் மூஞ்சிக்கு நேரா வரும். காய்கறிக் கடைக்கார அக்கா குனிஞ்சு, "உள்ள ஆள் இருக்கா?"ம்பாங்க.

— நீ நாக்கை நீட்டுவ.

— வழியில அந்தச் சக்கரக் கடை வந்ததும் நீ தானா மெதுவாப் போவ. கண்ணாடிக்குப் பின்னாடி இதே வலைப்பின்னல் தொங்கும். நீ அதைப் பாப்ப, பின்னாடி வர்ற வண்டி ஹார்ன் அடிக்கும். தினமும் அதே ஹார்ன்.

— கல்யாணத்துக்குப் பொண்ணு பாக்கப் போனப்ப கூட உங்க அண்ணிய அப்படி நான் பாக்கல.

— தெரியும். அண்ணி அதையும் சொன்னாங்க.

— சொல்லுவா, சொல்லுவா.

— ஒரு தடவ வாங்கி மாட்டினியேண்ணா, ஞாபகம் இருக்கா? வண்டி அப்படியே குந்தி உக்காந்த புலி மாதிரி இருந்தது. ரெக்கைக்குள்ள சக்கரம் நிறைஞ்சு நின்னுச்சு. அப்பா கூட, வண்டியத் தாழ்த்தினப்ப அவ்வளவு திட்டினவரு, சுத்திச் சுத்தி வந்து, "இப்பத்தாண்டா இது காரு"ன்னார். ஒரு வாரம் கூட ஆகல, கழட்டிட்ட.

— உரசுச்சு.

— அப்பவும் அதத்தான் சொன்ன. இப்ப உரசாது. இன்னும் என்ன? மாட்டறியா, இல்ல நானே ஜாக்கியப் போடட்டுமா?

— போடுவ. போட்டு வண்டிய உன் தலையில இறக்கிப்ப. நகரு... சரி, நீ இவ்வளவு அலைஞ்சு கொண்டாந்திருக்க. மாட்டறேன்.

— அப்படி வா வழிக்கு!

— ஆனா நாளைக்கு முன் சீட்டுல நீதான் உக்காரணும். பழைய மாதிரி. நாக்க நீட்டினாலும் சரி.

— நான் எதுக்குண்ணா? அண்ணியக் கூட்டிட்டுப் போ.

— அவளுக்கு வெயிலே ஆகாது. நீ வா.

— இல்லண்ணா, நீ போயிட்டு வா. போட்டோ எடுத்துட்டு வா, போதும். எனக்கு... காலையில இருந்தே வயிறு ஒரு மாதிரி இருக்கு.

— எது?

— வயிறு. லேசா வலி.

— மத்தியானம் மூணு தடவ சோறு போட்டுக்கிட்ட வயிறா?

— அதனாலதான் வலிக்குது போல.

— அன்னிக்கும் வயிறுதான்.

— என்னைக்கு?

— இந்தச் சக்கரத்த மாட்டின அன்னிக்கு. அடுத்த நாளும் வயிறு. அதுக்கு அடுத்த நாளும் வயிறு. சின்னச் சக்கரத்தத் திருப்பி மாட்டின அன்னிக்குக் காலையில வலி போன இடம் தெரியல. பையத் தூக்கிட்டு முதல் ஆளா வந்து நின்ன.

— ...அது ஏதோ தானா சரியாச்சு.

— எறும்பு, உன் பின்னாடி ஒரு செங்கல் கிடக்குது பாரு. அதை எடு.

— இதுவா? இதை இன்னுமா தூக்கிப் போடாம வெச்சிருக்க? சக்கரத்துக்கு முட்டுக் குடுக்கறதுதானே?

— முட்டுக்கு ஷெட்டுல கட்டை கிடக்குது. அந்தச் செங்கல்ல முட்டுக் குடுத்து எப்பவாவது பாத்திருக்கியா? தாழ்த்தும்போது ஸ்பிரிங்க வெட்டி வெட்டி மாட்டுவேன், மாட்டிட்டு ஒவ்வொரு தடவையும் இதைத்தான் வெச்சுப் பாப்பேன். "செங்கல் மட்டம் வந்துடுச்சா"ன்னு நீ கூட வாசல்ல இருந்து கத்துவ.

— ஆமா. அது ஏதோ பட்டறைக் கணக்குன்னு நினைச்சேன்.

— கதவத் திற. கதவுப் படிக்குக் கீழ செங்கல்ல நிமிர்த்தி வை.

— வெச்சேன். செங்கலும் படியும் ஒரே உயரம்.

— எந்தச் செங்கல்னு தெரியலையா உனக்கு? ஆஸ்பத்திரியில உன் காலுக்குப் பயிற்சி குடுத்த அந்தம்மா தினமும் உன்னைத் தாண்டச் சொல்லுவாங்களே.

— ...முதல்ல படுக்க வெச்சுத் தாண்டணும். அப்புறம் பக்கவாட்டுல வெச்சு.

— அப்புறம் நிமிர்த்தி வெச்சு. அதுக்கு மேல அந்த இடது கால் எழும்பல. "இவ்வளவுதான், இதை வெச்சுச் சமாளிச்சுக்கணும்"னு அந்தம்மா சொன்னாங்க. வரும்போது அந்தச் செங்கல்லக் கேட்டு வாங்கிட்டு வந்தேன்.

— அண்ணா, நீ வண்டியத் தாழ்த்தினது... ஸ்டைலுக்குன்னு சொன்ன. அப்பா அடிக்கவே வந்தாரு. அவருகிட்டயும் ஸ்டைலுக்குன்னுதான் சொன்ன.

— வேற என்ன சொல்றது? அவர் ஊரு பூரா சொல்லுவாரு, அது உன் காதுக்கு வரும். உனக்காகன்னு தெரிஞ்சா நீ ஏறியிருப்பியா? பஸ் படியில உன் காலைப் பிடிச்சுத் தூக்கி வெச்சாருன்னு கண்டக்டர் கையக் கடிச்சவ நீ. அதுல வந்த பேருதானே எறும்பு.

— அவர் கேக்காமத் தூக்கினாரு.

— கேட்டிருந்தாலும் கடிச்சிருப்ப. ஸ்பிரிங்க வெட்டியும் மட்டம் வரல. அதுக்குத்தான் அந்தப் பொம்மைச் சக்கரம். அப்புறம் ஆசைப்பட்டு இதை மாட்டினேன். ஒன்றரை அங்குலம் ஏறும், அதுல என்ன ஆயிடப் போகுதுன்னு நினைச்சேன். நீ காலை எடுத்து எடுத்து வெச்சுப் பாத்தத மாடி ஜன்னல்ல இருந்து பாத்துட்டுத்தான் இருந்தேன். படியில செருப்பு இடிச்ச சத்தம் மேல வரைக்கும் கேட்டுச்சு. அப்புறம் உள்ள வந்து வயிறு வலிக்குதுன்ன.

— நீ கீழயே வரல.

— வந்தா உனக்குப் பிடிக்காதே.

— இவ்வளவு வருஷம் உன்னைப் பாத்து எல்லாரும் சிரிச்சாங்களேண்ணா.

— சிரிக்கறவன் வண்டியிலயா நான் போறேன்? விடு. இதை அந்தக் கடைக்கே திருப்பிக் குடுத்துடலாம், ஒண்ணும் சொல்ல மாட்டான். நாளைக்குப் பொம்மைச் சக்கரத்துலயே போவோம், ரெண்டு பேரும். நீ மூடி வெச்சிருந்த பெட்ஷீட்டத் திரும்பப் போட்டு மூடு.

— மூட மாட்டேன்.

— ஏய், இவ்வளவு நேரம் நான் என்ன கதையா சொன்னேன்? இதை மாட்டினா நீ எப்படி ஏறுவ?

— நீ மாட்டு. நாளைக்குக் காலையில நான் கதவுகிட்ட வந்து நிக்கிறேன். நீயே கீழ வந்து இந்தக் காலைத் தூக்கி உள்ள வை. கடிக்க மாட்டேன்.