ஏழு மணிக்கு மேல் இல்லாதவள்

கடலூரிலிருந்து சிதம்பரம் போகும் பேருந்தில் என் பின்சீட்டில் இருப்பது பேய் என்றுதான் முதலில் நம்பினேன். பட்டப்பகலில் சட்டைப்பைக்குள் திருநீற்றுப் பொட்டலம் தேடினேன். ஒரு பெண்குரல் அப்படிச் சொன்னது:

“ராத்திரி ஏழுக்கு மேல நான் அங்க இல்லவே இல்லயாம், மாமா.”

“எவன் சொன்னான்?”

“முந்திரி கம்பெனி மேனேஜரு. ஏழுக்கு மேல பொம்பளைங்கள வேலை வாங்கக் கூடாதுன்னு சட்டமாம். அதனால நோட்டுல தெனமும் ஏழுக்கே எங்கள வீட்டுக்கு அனுப்பிடுறாங்க.”

“நீ வீட்டுக்கு வர்றது ஒம்போதுக்கு.”

“ஆமா. எட்டு மணிக்குக் கை மெஷின்ல மாட்டுச்சுன்னு சொன்னா, ஏழுக்கே போனவளுக்கு எட்டுக்கு எப்படி அடிபடும்னு கேக்குறாரு. நஷ்டஈடு கெடையாதாம்.”

“நல்ல சட்டம். உன்ன நல்லாத்தான் காப்பாத்துது.”

சிதம்பரத்தில் இறங்கும்போது திரும்பிப் பார்த்தேன். கம்பியைப் பிடித்திருந்த அவள் வலது கையில் இரண்டு விரல்கள் இல்லை.