முனியறைக்கு வெட்டின கல்

சுவக்கீன்: செருப்பக் கழட்டிட்டு உள்ள பாருங்க டீச்சர். முனியறை. மூவாயிரம் வருசம் முந்தி முனிவருக உக்காந்து தவம் பண்ணுன எடம்.

செல்வப்பிரியா: டீச்சர் எல்லாம் இல்லீங்கண்ணா. செல்வப்பிரியான்னே கூப்புடுங்க. மலைப்பக்கம் சுத்திப் பாக்க வர்றவங்களுக்கு ஒரு புத்தகம் எழுதிட்டிருக்கறனுங்க. எங்கெங்க பழைய கல்லு இருக்குது, எப்படிப் போறதுன்னு.

சுவக்கீன்: அப்ப நம்ம மேட்டுப்பாறையப் பெருசா எழுதுங்க. சாந்தன்பாறையில எறங்கி, ஏலக்காட்டு வழியா ஜீப்பு. கல்லொடைக்கிற சுவக்கீன்னு கேட்டா யாரும் காட்டுவாக. ஏட்டி மிக்கேலம்மா, டீச்சருக்குக் கட்டங்காப்பி ஊத்து. எம் பொண்டாட்டி டீச்சர். பகல்ல ஏலக்கா எடுக்கப் போவா. சாயங்காலம் வெறகுக்குப் போறேம்பா, வெறுங்கையோட வருவா.

மிக்கேலம்மா: வந்தவுக முன்னாலயே ஆரம்பிச்சாச்சா?

சுவக்கீன்: அந்தோணியாருக்கு வாங்கி வைக்கிற மெழுகுதிரியும் காணாமப் போவுது. கேட்டா எலி திங்குதாம்.

மிக்கேலம்மா: எலிதேன் திங்குது. நீங்க குடிங்கம்மா, ஆறிரும்.

செல்வப்பிரியா: எங்க கோபாலபுரத்து எலியெல்லாம் தேங்காயோட நிறுத்திக்குமுங்கக்கா... அண்ணா, ஒண்ணு சொன்னாக் கோவிச்சுக்க மாட்டீங்களே? முனியறையில யாரும் தவம் பண்ணுலீங்க. செத்தவங்களை வெச்ச எடமுங்க.

சுவக்கீன்: என்னது?

செல்வப்பிரியா: எலும்பப் பானையில போட்டு, கல்லு நட்டு, மேல ஒரு கல்லுல மூடிருவாங்க.

சுவக்கீன்: பொணக்குழியா! ஏசுவே... வந்தவுகள எல்லாம் உள்ள உக்காத்தி வச்சுப் போட்டோ எடுத்து விட்டேனே!

மிக்கேலம்மா: நீங்க மட்டும் என்ன? மத்தியானம் உள்ள படுத்துக் கொறட்ட விட்டது யாரு?

செல்வப்பிரியா: பயப்படாதீங்க. இதுக்குள்ள யாரும் இல்லீங்க.

சுவக்கீன்: அதெப்படி அவ்வளவு உறுதியாச் சொல்றீக?

செல்வப்பிரியா: இந்தக் கல்லு ஓரத்துல வரிசையா ஓட்டை தெரியுதுங்களே... முனிவரு கம்ப்ரசர் வெச்சு டிரில் போட்டாருங்களா?

சுவக்கீன்: அது... மழத்தண்ணி விழுந்து விழுந்து...

மிக்கேலம்மா: நான் அன்னைக்கே தலப்பாடா அடிச்சுக்கிட்டேன், ஓட்ட இருக்க பக்கத்த உள்ளாறத் திருப்பி வைங்கன்னு! கேட்டாத்தானே இந்த மனுசன்!

சுவக்கீன்: ஏட்டி, வாய மூடு!

செல்வப்பிரியா: ...நீங்க வெச்சதுங்களா இது?

மிக்கேலம்மா: இனி என்னத்த மறைக்க. சொல்லிருங்க.

சுவக்கீன்: நாந்தேன் வச்சேன் டீச்சர். நானும் எம் மச்சானும். போன மழைக்கு முந்தி. ஏமாத்துனேன்னு சொல்லுங்க, ஏத்துக்கிடுதேன். எதுக்குன்னு மட்டும் கேளுங்க. கீழ குவாரியில வெடி வச்சா இங்க எங்க எஸ்டேட்டு லயத்து வீடெல்லாம் ஆடுது. செவத்துக் கல்லு பேந்து விழுந்து இவ மண்டையில தையல் போட்டாக. ஏட்டி, காட்டு.

மிக்கேலம்மா: அவுகளுக்கு எதுக்கு என் மண்ட?

சுவக்கீன்: இப்ப இந்த உச்சியையும் கேட்டிருக்கான் குவாரிக்காரன். நாளைக்கு அளக்க வாராக. மேலயும் வெடிச்சா லயம் நிக்காது. நாங்க எங்க போவோம்? வார்டு மெம்பரு ஜோமோந்தேன் சொன்னாரு, மலையில முனியறை இருந்தா சர்க்காரு வெடி வைக்க விடாதுன்னு. எங்களுக்கு ஏது முனியறை? கல்லு இருக்கு, கையி இருக்கு. வச்சிட்டேன்.

மிக்கேலம்மா: உங்க புத்தகத்துல வந்துட்டா ஆபீசருகளும் நம்புவாகன்னுதேன் உங்களக் கூட்டியாந்தாரு.

செல்வப்பிரியா: இத எழுத முடியாதுங்கக்கா. ஒரு நிமிசத்துல கண்டுபிடிச்சிருவாங்க. அப்புறம் உங்க பேச்சையே எவனும் கேக்க மாட்டான், குவாரிக்காரனுக்குத்தான் கொண்டாட்டம்... ஏனுங்கண்ணா, புதுசா எதுக்குங்க வெச்சீங்க? இந்த மலையில நெசமானதே ஒண்ணு இருக்குதே!

சுவக்கீன்: இங்கயா? நான் பொறந்து வளந்த மலை டீச்சர். நான் பாக்காததா?

செல்வப்பிரியா: அதத் தேடித்தானுங்க நான் வந்ததே. இந்த போட்டோவப் பாருங்க. எனக்குப் பாடம் சொல்லிக் குடுத்த சாரு முன்னொருக்கா வந்தப்ப எடுத்தது. பின்னாடி தெரியறது உங்க மலையுச்சி மொட்டப்பாறதானுங்களே?

மிக்கேலம்மா: போட்டோவ ஏன் இப்படித் திருப்பித் திருப்பிப் பாக்குறீக?

சுவக்கீன்: இது... வடக்கு உச்சியில, ஈச்சம்பொதரு பக்கம்...

செல்வப்பிரியா: அதேதானுங்க! வாங்க, வெயில் ஏர்றதுக்குள்ள போயிரலாம்.

சுவக்கீன்: போவேணாம்.

செல்வப்பிரியா: ஏனுங்க?

சுவக்கீன்: போட்டோவுல மேல மூடியிருக்கே ஒரு கல்லு... அதுல பாதி, இப்ப நீங்க கை வச்சிட்டு நிக்கிறீகளே, அது.

செல்வப்பிரியா: அண்ணா!

சுவக்கீன்: மீதிப் பாதி அந்தப் பக்கச் செவரு.

செல்வப்பிரியா: ஒடச்சுட்டீங்களா? அய்யோ, என்னங்கண்ணா... அத்தன காலம் நின்னதுங்க அது!

சுவக்கீன்: ஆடு அடைக்க எவனோ கட்டுனதுன்னு நெனச்சேன் டீச்சர். குட்டையா, கோணலா, இடுப்பு ஒசரங்கூட இல்ல. முனியறைன்னா பெருசா, அளவா இருக்கும்னு நெனச்சேன். பலகையாட்டம் கல்லு சும்மா கெடக்கையில எந்தக் கல்லொடைக்கிறவன் புதுசாப் பாறையில சம்மட்டி தூக்குவான்? கோணல எடுக்க டிரில் போட்டு ஆப்பு எறக்குனேன். கோடு போட்ட மாதிரி பொளந்துச்சு. நல்ல கல்லுடான்னு மச்சாங்கிட்டப் பெருமை வேற அடிச்சேன்.

மிக்கேலம்மா: மாதாவே...

செல்வப்பிரியா: அது ஒண்ணு நின்னிருந்தாப் போதுமுங்க. மேல வெடி கொண்டு வர எவனாலயும் முடிஞ்சிருக்காது.

சுவக்கீன்: எங் கையாலயே... பொய்யக் கட்டுறதுக்கு உண்மைய ஒடச்சிருக்கேன். தூ!

செல்வப்பிரியா: இருங்க, இருங்க. தரையில ஒரு கல்லு பாவியிருக்குமே, அது?

சுவக்கீன்: அதையும் கடப்பாரை போட்டு நெம்பி எடுத்தாச்சு. நடு மதியம். நானும் இவளும் மச்சானும்.

செல்வப்பிரியா: அதுக்கடியில என்னுங்க இருந்துச்சு? பானை, ஓடு, எலும்பு? நல்லா யோசிச்சுச் சொல்லுங்க. குழி கலையாம இருந்தாக்கூடப் போதும். கல்லு போனாலும் குழி பேசுமுங்க.

சுவக்கீன்: வெறும் மண்ணுதேன். கல்லத் தூக்குனதும் கட்டி இழுக்கக் கயிறு கொண்டாரப் போனோம். திரும்பி வந்து நல்லா எட்டிப் பாத்தேன். நெரவி விட்ட மாதிரி மண்ணு. ஒண்ணும் இல்ல.

செல்வப்பிரியா: நெரவுனது யாருங்க?

சுவக்கீன்: எத?

செல்வப்பிரியா: அத்தன காலம் கல்லுக்கடியில கெடந்த மண்ணு தானா நெரவிக்காதுங்கண்ணா. நீங்க கயித்துக்குப் போனப்ப அங்க யாரு இருந்தாங்க?

சுவக்கீன்: மச்சான் எங்கூட வந்துட்டான். இவதேன்... ஏட்டி?

மிக்கேலம்மா: காப்பி இன்னுங்கொஞ்சம் ஊத்தவாம்மா?

சுவக்கீன்: ஏட்டி மிக்கேலம்மா. எம் மூஞ்சியப் பாரு.

மிக்கேலம்மா: ...மண்ணுக்குள்ள பானை வாயி தெரிஞ்சிச்சு. மேல ஒரு சின்னக் கல்லு மூடியிருந்துச்சு. தூக்கிப் பாத்தேன். எலும்பு.

சுவக்கீன்: எலும்பா! எங்கிட்ட ஒரு வார்த்த சொன்னியா நீ?

மிக்கேலம்மா: எவனோ ஆளக் கொன்னு பொதச்சிருக்கான்னு நெனச்சேன். சொன்னா நீங்க கடப்பாரையப் போட்டுட்டு ஓடிருப்பீக. போலீசு, நாயின்னு வந்துட்டா முனியறை எப்பக் கட்டி முடிக்க? கல்ல இருந்தபடி மூடி, மண்ணத் தள்ளி நெரவி விட்டுட்டேன்.

செல்வப்பிரியா: அக்கா... பானை ஒடையலீங்களே? எதையும் வெளிய எடுக்கலீங்களே?

மிக்கேலம்மா: தொடக்கூட இல்லம்மா. அப்படியே கெடக்கு.

சுவக்கீன்: அங்கன இப்ப ஆளு ஒசரத்துக்குப் பொதரு மண்டிப்போச்சு. எந்த எடம்னு எப்படிக் கண்டுபிடிப்ப நீ?

மிக்கேலம்மா: கண்ணக் கட்டிக் கூட்டிப் போனாலும் காட்டுவேன். எலி திங்குதுன்னு சொன்னேனே, அந்த மெழுகுதிரியெல்லாம் அங்கனதேன் உருகிக் கெடக்கு. யாரு பெத்த பிள்ளையோ... வெறகுக்குப் போறேன்னு சொல்லிட்டு, தெனம் ஒண்ணு பொருத்தி வச்சிட்டு வாரேன்.