வட்டத்துக்குள் ஒரு புள்ளி

நான் டீயில் சர்க்கரை போட்டுக்கொள்வதில்லை. நாற்பது வயதிலிருந்து அப்படித்தான். இதை முதலில் சொல்லக் காரணம் உண்டு. நீங்கள் கேட்டிருக்கும் கேள்விகளில் பாதிக்கு இதுவே பதில்.

டீக்காரர் உச்சிமாகாளியின் மரணம் பற்றி அவர் மனைவி நாச்சியார் கொடுத்த மனுவின் பேரில், விசாரணை அலுவலரான நீங்கள் என் விளக்கத்தை எழுத்தில் கேட்டிருக்கிறீர்கள். என் பெயர் ராமசுப்ரமணியன். வயது ஐம்பத்து மூன்று. வீடு ஸ்ரீவராகத்தில். வழுதக்காட்டில் ஒரு பாதுகாப்பு ஆய்வு மையத்தில் முதுநிலை ஆய்வாளராக இருக்கிறேன். பயங்கரவாதத்தை ஆராய்வது எங்கள் தொழில். மையம் தொடங்கிய இத்தனை வருடத்தில் எங்களில் ஒருவரும் ஒரு பயங்கரவாதியை நேரில் பார்த்ததில்லை. இந்தத் தகவல் எங்கள் ஆண்டறிக்கையில் இடம்பெறாது.

2002 ஜூனில் டாக்டர் தங்கையன் எங்களுக்கு இயக்குநராக வந்தார். நெய்யாற்றின்கரைக்காரர். வெளிநாட்டில் ஆறு மாதம் இருந்துவிட்டு, கிரியேட்டிவ், டிஸ்ரப்டிவ் என்ற இரண்டு சொற்களை வாங்கிக்கொண்டு வந்திருந்தார். முதல் நாளே பலகையில் ஒரு சதுரம் வரைந்து, இதற்கு வெளியே வந்து யோசியுங்கள் என்றார். நாங்கள் ஏற்கெனவே வெளியேதான் உட்கார்ந்திருந்தோம்.

"பழைய ரீதியெல்லாம் உடைக்கணும், கேட்டோ. தீவிரவாதி உங்களைப் போல ஃபைல் வச்சா யோசிக்கிறான்? உங்க பேப்பரை வாசிச்சா எனக்கு உறக்கம் வரக் கூடாது."

"இப்ப வருதே சார்" என்றேன்.

"அதுதானே பிரஸ்னம்" என்று டைரியில் குறித்துக்கொண்டார். என்னைக் கேட்டால், அன்றைக்கே எனக்கு விளங்கியிருக்க வேண்டும்.

அடுத்த வாரம் கூட்ட அறையின் நாற்காலிகள் போய், தெர்மோகோல் மணி நிரப்பிய மூட்டைகள் வந்தன. அதில் உட்கார்ந்தால் சிந்தனை தளரும் என்றார்கள். ஐம்பது வயதில் அதிலிருந்து எழுந்திருப்பது எப்படி என்று யாரும் சொல்லவில்லை. பதினொரு மணிக்கு டீ கொண்டுவரும் உச்சிமாகாளிதான் தூக்கை ஓரமாக வைத்துவிட்டு, ஒவ்வொருவராகக் கைகொடுத்து எழுப்பிவிடுவார்.

இன்னொன்றும் நடந்தது. விழிஞ்ஞம் கடற்கரையில் மூன்று வருடம் வலைக்காரர்களோடு உட்கார்ந்து, அந்நியப் படகை அவர்கள் எப்படி அடையாளம் காண்கிறார்கள் என்று நானூறு பக்க அறிக்கை எழுதியிருந்தேன். தங்கையன் அதைப் புரொஜெக்டருக்கு அடியில் முட்டுக் கொடுத்தார். உயரம் கச்சிதம் என்று பாராட்டவும் செய்தார். அந்த நிமிடத்திலிருந்து எனக்குள் எரிந்ததை நான் மறைக்கப்போவதில்லை. செப்டம்பர் கருத்தரங்குக்கு ஆளுக்கொரு புதுமையான கட்டுரை வேண்டும் என்று அவர் சொன்னபோது, அவரை ஊர் சிரிக்க வைப்பதென்று முடிவு செய்தேன். இது நியாயமான ஆசை என்றே இன்றும் நினைக்கிறேன்.

உச்சிமாகாளி அம்பாசமுத்திரம் பக்கத்துக்காரர். பதினைந்து வருடமாக இங்கே பதினோரு அலுவலகங்களுக்கு டீ கொடுத்துவந்தார். அவரிடம் ஒரு நோட்டு இருந்தது. ஒரு நாள் வாங்கிப் பார்த்தேன். பக்கத்துக்கு ஒரு மாடி. அறைகள், படிகள், மேசைகள் எல்லாம் கோட்டில். மேசை தோறும் ஒரு குறி.

"மலையாள எழுத்து நமக்கு வராது சாரே. ஊரு எழுத்தும் அரைகுறைதான். படம் போட்டா மறக்காதுல்லா" என்றார். "ரெண்டு கோடுன்னா கடுப்பம், ஸ்ட்ராங் சாயா. பெருக்கல்னா சாயா குடிக்க மாட்டாக. வட்டம்னா சீனி இல்லாதது."

என் மேசையில் வட்டத்துக்குள் ஒரு புள்ளி இருந்தது. அது என்ன என்றேன். கொஞ்சம் தயங்கினார்.

"அது சாருக்கு மட்டும். சொந்த டம்ளர். நம்ம கிளாஸ் சாருக்கு ஆகாதுல்லா."

என் டம்ளரை அவர் கடையில் தனியாகக் கழுவி வைத்திருப்பார். கிருமி பயத்தால் நான் செய்துகொண்ட ஏற்பாடு அது. வேறு காரணம் கிடையாது. பதினோரு கட்டடத்திலும் அப்படி ஒரு புள்ளி வேறு எங்குமே இல்லை. அந்தப் புள்ளி எனக்குப் பிடிக்கவில்லை என்பதைச் சொல்லிவிடுகிறேன். ஆனால் அதற்கும் பின்னால் நடந்ததற்கும் சம்பந்தமில்லை.

கட்டுரைக்கு 'சூடான திரவ விநியோக வலையமைப்புகளும் உள்நாட்டுப் பாதுகாப்பும்' என்று தலைப்பிட்டேன். ஒரு நபர் தினமும் பதினோரு அலுவலகங்களில் மூடிய உலோகப் பாத்திரத்துடன் நுழைகிறார். எந்த வாயிலிலும் சோதனை இல்லை. எந்த அதிகாரி எத்தனை மணிக்கு இருக்கையில் இருப்பார் என்பது அவருக்குத் தெரியும். சங்கேதக் குறிகளோடு மாடி வரைபடங்கள் வைத்திருக்கிறார். அதிகாரிகளின் கையைப் பிடித்துத் தூக்குமளவுக்கு நெருங்கியிருக்கிறார். இதில் ஒரு வாக்கியம்கூடப் பொய் இல்லை. பெயரையும் நான் எழுதவில்லை. பதினோரு கட்டடத்தின் பட்டியலை மட்டும் பின்னிணைப்பாகக் கொடுத்தேன்.

மூன்றாம் பத்தியில் எவனும் சிரித்துவிடுவான் என்று நம்பினேன். தங்கையன் வாசித்து முடித்ததும் கண்ணாடியைக் கழற்றினார். "ராமசுப்ரமணியன், எனக்கு ரெண்டு நாளா உறக்கமில்லை" என்றார். அதற்குள் ஒரு நகல் மேலே போய்விட்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை, டீ நேரத்தில், சாதா உடுப்பில் இருவர் வந்து உச்சிமாகாளியைக் கூட்டிப் போனார்கள். தூக்கு எங்கள் மாடிப்படியிலேயே நின்றது. சாயங்காலம்வரை யாரும் அதைத் தொடவில்லை. உள்ளே டீ இருப்பது எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் தொடவில்லை. ஒரு கட்டுரை இதைச் செய்யும் என்பதைப் பார்த்தபோது, எனக்குக் கொஞ்சம் பெருமையாக இருந்தது என்று சொன்னால் நீங்கள் தப்பாக எடுத்துக்கொள்ளக் கூடாது.

மறுநாள் அந்த இருவரும் நோட்டின் நகலோடு என்னிடம் வந்தார்கள். நான்தான் நிபுணர்.

"வட்டத்துக்குள்ள புள்ளி ஒண்ணே ஒண்ணுதான் இருக்கு. யாரோட மேசை சார் அது?"

"என்னுடையது" என்றேன். அதுவும் உண்மைதான்.

"எதுக்கு உங்களைக் குறிச்சிருக்கான்?"

டீ, சர்க்கரை, டம்ளர் என்று மூன்று சொல்லில் முடிந்திருக்கும். கருத்தரங்குக்கு இன்னும் ஒன்பது நாள் இருந்தது. இந்த இருவர் முன்னால் சொன்னால் விஷயம் இந்த அறையோடு போகும். இருநூறு பேர் நிறைந்த மண்டபத்தில், தங்கையன் பக்கத்தில் உட்கார்ந்திருக்கும்போது சொன்னால், அந்த மனிதர் பிறகு எந்த ஊரிலும் தலைகாட்ட முடியாது. எனவே, "அது மேலும் ஆய்வுக்குரியது" என்றேன். அன்று மாலையே என் பாதுகாப்புக்குத் துப்பாக்கியோடு ஒரு காவலரை நியமித்தார்கள். குறிவைக்கப்பட்டவன் நான் அல்லவா.

என் மனைவி சூடாமணி வாசலில் அவரைப் பார்த்துவிட்டு உள்ளே வந்தாள்.

"உங்களுக்குச் சர்க்கரை வேண்டாம்கறது இந்தத் தெருவுக்கே தெரியும். அவாகிட்டே அதைச் சொல்றதுக்கு என்ன கேடு?"

ஆய்வு முறைகள் பற்றி அவளுக்குத் தெரியாது. 

திங்கட்கிழமை நாச்சியார் அலுவலக வாசலுக்கு வந்தாள். காவலர் அவள் பையைச் சோதித்தார். உள்ளே என் டம்ளர் இருந்தது.

"இது ஒங்க டம்ளர்தான சாரே" என்றாள்.

"ஆமாம்."

"வட்டம்னா சீனி இல்லாதது, புள்ளின்னா இந்த டம்ளரு. ஒங்களுக்குத் தெரியும்லா."

"தெரியும்."

"அப்ப இதைக் கொண்டுபோயி அவுககிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. நான் சொன்னா எடுபடல. பொண்டாட்டி சொல்லுவாதான்னு சிரிக்காக."

"வெள்ளிக்கிழமை சொல்றேன். எல்லாரும் இருக்கற இடத்துல சொன்னாத்தான் எடுபடும்."

"எல்லாரும் எதுக்கு சாரே? அவுகளை வச்சிருக்கது ரெண்டு பேருதான."

அவள் அழவில்லை, சத்தம் போடவில்லை. அந்த நிதானம் எனக்கு எரிச்சலாக இருந்தது. நான்கு நாள் பொறுக்க முடியாத அவசரம் என்ன என்று நினைத்தேன். டம்ளரை வாங்கி மேசை இழுப்பறையில் வைத்துப் பூட்டினேன். அவளிடம் இருந்த ஒரே அத்தாட்சி அதுதான் என்று உங்கள் கடிதத்தில் சுட்டிக்காட்டியிருக்கிறீர்கள். டம்ளர் என்னுடையது. அதில் என் பெயர் வெட்டியிருக்கிறது.

வெள்ளிக்கிழமை காலை எட்டரைக்குத் தங்கையன் போன் செய்தார்.

"ராமசுப்ரமணியன், அந்த ஆளு மரிச்சு போயி. நெஞ்சு வலின்னு சொல்றாங்க. நம்ம புரோகிராமுக்கு மாற்றமில்லை, கேட்டோ. சில்க் ஜிப்பா போட்டுக்கோங்க."

குறிகளுக்கெல்லாம் விளக்கம் எழுதிய ஒற்றைத் தாள் என் சட்டைப் பையில் இருந்தது. மேடையில் கட்டுரையை வாசித்தேன். மூன்றாம் பத்தி வந்தது. ஒருவரும் சிரிக்கவில்லை. ஓய்வுபெற்ற பெரிய அதிகாரிகள், பேராசிரியர்கள், எல்லோரும் தலைகுனிந்து குறிப்பெடுத்துக்கொண்டிருந்தார்கள். முன்வரிசையில் ஒருவர் கையுயர்த்தி, அந்தத் திரவத்தின் வெப்பநிலை அளக்கப்பட்டதா என்று கேட்டார். இந்த முட்டாள்களுக்கு, இது சிரிக்க வேண்டிய இடம் என்று நானே சொல்ல வேண்டியிருக்கும். நகைச்சுவையை விளக்கிச் சொல்லும் அவமானத்தை நான் யாருக்காகவும் ஏற்றதில்லை. தவிர, விளக்கினால் திரும்பி வருகிற நிலையிலும் உச்சிமாகாளி இல்லை. எழுபது, எழுபத்தைந்து டிகிரி இருக்கும் என்றேன். கைதட்டினார்கள். தங்கையன் பொன்னாடை போர்த்தினார். அவரை அவ்வளவு அருகில் பார்த்தபோதுதான், அவர் அழுதுகொண்டிருப்பது தெரிந்தது. பெருமையில்.

நான் அவள் புருஷனைக் கொன்றதாக நாச்சியார் எழுதியிருக்கிறாள். சொல்லின் பொருளைக் கவனிக்க வேண்டும். நான் யாரையும் தொடவில்லை. எனக்குத் தெரிந்ததைப் பதினோரு நாள் சொல்லவில்லை. சொன்னால் அவர் அன்றே வீட்டுக்குப் போயிருப்பார் என்பது முதல் நாளே எனக்குத் தெரியும். மிச்சப் பொறுப்பு, சிரிக்கத் தெரியாதவர்களுடையது. அவர்கள் மீது எனக்கிருக்கும் கோபம் இன்னும் ஆறவில்லை. இதை உங்கள் அறிக்கையில் சேர்த்துக்கொள்ளலாம்.

கடைசியாக ஒன்று கேட்டிருந்தீர்கள். உச்சிமாகாளி இறந்து இரண்டு வருடமாகியும் எனக்கு ஆயுதக் காவல் ஏன் தொடர்கிறது என்று. மேலிடமும் போன மாதம் இதையே கேட்டது. வட்டத்துக்குள் அந்தப் புள்ளியை எதற்காக வைத்தார் என்பது இன்னும் முழுதாகத் தெளிவாகவில்லை, எச்சரிக்கையாக இருப்பது நல்லது என்று எழுதிக் கொடுத்திருக்கிறேன். காவலர் தங்கமான மனிதர். தினமும் பதினொரு மணிக்கு அவரே போய் டீ வாங்கி வருகிறார். சர்க்கரை இல்லாமல், என் டம்ளரில்.