கத்தி பிடித்த மாணவன்

ஹட்டனில் பஸ் ஏறியதும் முன் இருக்கையில் இருந்த இரண்டு பெண்களில் இளையவள் சொன்னதைக் கேட்டு, நோர்வூட் வரைக்கும் காதைத் திருப்பவில்லை நான்.

"ஒரு படத்தப் பாத்துட்டு வந்து எங்க வீட்டுக்காரரு மகனோட படிப்ப நிறுத்திட்டாருக்கா."

பக்கத்தில் இருந்தவள் வெற்றிலையை மெல்வதை நிறுத்தினாள். "அப்பிடி என்னா படம்?"

"காலேஜு பசங்க கூடிக்கிட்டு வாத்தியாரக் கொல்ற படம். படிக்கிற பசங்க எல்லாமே இப்பிடித்தான், சிகரெட்டும் கத்தியுமா அலையுவானுங்கன்னுட்டாரு."

"அந்தக் கொலகாரப் பையனுக்கு என்னா வயசிருக்கும்?"

"தொந்தியும் டோப்பாவுமா, நம்ம தோட்டத்துப் பெரிய கங்காணி வயசு இருக்கும்க்கா."

"ஒம் மகனுக்கு?"

"பதினாறு."

"அவன் ஒண்ணும் சொல்லலயா?"

"பேசுனா, படத்துல வர்ற மாதிரியே எதுத்துப் பேசுறான்ங்கிறாரு. பேசாம இருந்தா, அதே மாதிரி திட்டம் போடுறான்ங்கிறாரு. கடைசியில தோட்டத்துல வேலைக்கு அவன் பேரப் பதிஞ்சிட்டாரு."

"என்னா வேல குடுத்தாங்க?"

"தேயிலச் செடிய வெட்டுற கவ்வாத்து வேலைக்கா. காலையில அவரே கத்திய நல்லாத் தீட்டி, மகன் கையில குடுத்து அனுப்புனாரு. இப்பத்தான் அவருக்கு நிம்மதியாம்."